ஏட்டில் ஏறாத தாய்மார்

நோர்வூட்டுக்கு அருகே டிக்கோயாவில், 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் நிற்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைத் துரைமாரின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இலங்கையிலுள்ள இத்தகைய கல்லெழுத்துக்களைத் தொகுத்து 1913இல் பென்றி லூயிஸ் ஒரு நூலே வெளியிட்டார். அதே மலைச்சரிவில் காடழித்துக் கோப்பியும், பின்னர் தேயிலையும் வளர்த்த நம் மூதாட்டியின் பெயர் எங்கே?

1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டால் சென்ற தமிழருக்கு ஒப்பந்தப் பதிவேடு உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் அதில் உள. அது அன்பினால் எழுதிய ஏடன்று. சரக்குக்குப் போட்ட பட்டியல். ஆயினும் அவர்தம் சந்ததியார் இன்று அதிலே தம் பாட்டியைக் காண்கின்றனர். கங்காணியின் முன்பணத்திற் கட்டுண்டு, மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்கோ அத்தகைய பதிவில்லை. கங்காணியின் கடன் கணக்கும் தோட்டத்துச் செக்றோலுமே அவர்கள் ஏடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரத் துண்டும் எண்ணைத்தான் சுமந்தது.

ஏடு கைவிட்ட இடத்தில் மரபணு உதவுமா? ஓரளவு உதவும். உயிரணுவின் இழைமணியிலுள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. மகளே அதனை அடுத்த தலைமுறைக்கு அளிக்கிறாள். ஐந்து தலைமுறைக்கு மேலே நமக்குப் 16 மூதாட்டியர். அவ்விழை அவர்களுள் ஒருத்தியை மட்டுமே தொடும். அவள் பெயரையும் ஊரையும் சொல்லாது. இரு குடும்பத்தாரின் இழை ஒத்திருந்தால், என்றோ ஒருகாலத்தில் அவர்களுக்குத் தாய் ஒருத்தியே என்று மட்டும் காட்டும். அவள் எக்காலத்தவள் என்பதை ஏடும் வாய்மொழியுமே தெளிவாக்க வேண்டும்.

இங்கே ஒன்றை நாம் மறக்கலாகாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனிடங்கூட, அவன் தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா என்று கேட்டது. பதியப்படாத தலைமுறைகளுக்குச் சான்று கேட்டார்கள்; தாய்வழியைக் கேட்கவே இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அத்துயர் நீண்டது.

ஆகவே நாம் பாட்டியைத் தேடுவது இரத்தப் பெருமைக்கன்று; சாதிக் கணக்குக்குமன்று. மண்ணைப் பொன்னாக்கியவளைச் சரித்திரத்தில் அமர்த்துவதற்கே. ஆசிரியர்களே, மாணவர்களே! சோதனைச்சாலை காத்திருக்கும், முதுமை காத்திராது. லயத்து இஸ்தோப்பில் அமர்ந்திருக்கும் அப்பாயியிடமும் அம்மாயியிடமும் அவர்கள் தாயின் பெயரையும், அத்தாயைப் பெற்றவளின் பெயரையும் இன்றே கேட்டு எழுதுவோம்.