இலக்கத் தகட்டின் விலை

வாகனத்தின் முன்னும் பின்னும் மாட்டப்படும் இலக்கத் தகட்டைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் ஒரு தேநீருக்குக் கூடக் காசு தேறாது. ஆனால், அதில் எழுதப்படும் இலக்கத்துக்கு மனிதர்கள் கொடுத்திருக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2008 பெப்ரவரியில் அபுதாபியில் நடைபெற்ற ஏலத்தில் "1" என்ற ஒற்றை இலக்கம் 5 கோடியே 22 இலட்சம் திர்ஹமுக்கு விலைபோனது. அன்றைய கணக்கில் அது 1 கோடியே 40 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் அதிகம். 2023 ஏப்ரலில் டுபாயில் "பி 7" என்ற இலக்கம் 5 கோடியே 50 இலட்சம் திர்ஹமுக்கு ஏலம் போய் அதையும் முந்தியது.

இத்தகைய செய்திகளைப் பத்திரிகைகளில் நாங்கள் "விநோதம்" என்ற தலைப்பின் கீழ், பக்கத்தின் அடியில் எஞ்சும் சிறிய இடத்தில் போடுவது வழக்கம். வாசகரும் பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். ஆனால், இந்தச் சிறிய தகட்டுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. இலங்கைத் தமிழர்களாகிய எங்களுக்கு அந்த வரலாற்றில் ஒரு கசப்பான பங்கும் இருக்கிறது.

மோட்டார் வாகனங்களுக்குத் தகடு வேண்டும் என்று முதலில் கட்டளையிட்டவர்களில் பாரிஸ் நகரப் பொலிஸாரைக் குறிப்பிட வேண்டும். அது 1893 ஆம் ஆண்டு. பிரித்தானியாவில் 1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார்ச் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் பதிவிலக்கத்தைக் கட்டாயமாக்கியது. நோக்கம் எளிமையானது. வேகமாக ஓட்டி ஒருவரை இடித்துவிட்டு மறைந்துபோகும் வாகனம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரபுவானாலும் வணிகரானாலும் வீதியில் இறங்கினால் சட்டத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே அதன் பொருள். குற்றவாளிகளைப் போலத் தமக்கு இலக்கம் குத்துகிறார்களே என்று மனம் புழுங்கிய சீமான்கள் அந்நாளில் இருந்தார்கள்.

ஆனால், அவமானமாகக் கருதப்பட்ட இலக்கம் பெருமைக்குரியதாக மாற ஒரு நாள் கூட ஆகவில்லை. இலண்டனுக்கு ஒதுக்கப்பட்ட எழுத்து "ஏ". அதன் முதல் இலக்கமான "ஏ 1" ஐப் பெற்றவர் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசலின் மூத்த சகோதரரான ரசல் பிரபு. அதற்காக அவர் இரவு முழுவதும் அலுவலக வாசலில் காத்துக்கிடந்தார் என்று சொல்வார்கள். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதற்காக வந்த முறையில், அந்த வரிசையின் முதல் ஆளாக நிற்பதே பெருமை என்றாகிவிட்டது.

1963 இல் பிரித்தானியா இலக்கத்தோடு ஆண்டைக் குறிக்கும் எழுத்தையும் சேர்க்கத் தொடங்கியது. தகட்டைப் பார்த்தே வாகனத்தின் வயதை அயலவர் கணக்கிட முடிந்தது. எனவே ஆண்டெழுத்து இல்லாத பழைய இலக்கங்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அவற்றைத் தேடி வாங்கி விற்கும் தரகர்களின் தொழில் செழித்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்கம் 1989 இல் தானே சந்தையில் இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் இலண்டன் கிறிஸ்ரீஸ் ஏல நிறுவனத்தில் அதன் முதலாவது ஏலம் நடந்தது. அன்று தொடங்கிய வியாபாரம் நூறு கோடிப் பவுண்களைத் தாண்டி வருமானம் ஈட்டித் தந்திருக்கிறது. 2014 நவம்பரில் "25 ஓ" என்ற இலக்கம், கட்டணங்கள் உட்பட 5 இலட்சத்து 18 ஆயிரம் பவுணுக்கு விற்கப்பட்டது. ஆங்கில "ஓ" பூச்சியம் போலவே தோன்றுவதால் அது 250 என்று வாசிக்கப்படும். அந்த எண்ணைப் பெயரில் கொண்ட பழைய பெராரிக் கார் ஒன்றுக்குப் பூட்டுவதற்காகவே அது வாங்கப்பட்டது.

உள்ளூராட்சிச் சபைகளும் பின்நிற்கவில்லை. எஸெக்ஸ் மாவட்டத்தின் முதல் இலக்கமான "எப் 1", பல காலம் அச்சபைத் தலைவரின் உத்தியோகபூர்வ வாகனத்தில் இருந்தது. 2008 ஜனவரியில் சபை அதை வரியுடன் சேர்த்து 4 இலட்சத்து 40 ஆயிரம் பவுணுக்கு விற்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்வளவு பணம் கொடுத்தாலும் பிரித்தானியச் சட்டப்படி அந்த இலக்கம் வாங்கியவரின் சொத்தாவதில்லை. அதைத் தன் வாகனத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது. இலக்கம் என்றும் அரசினுடையதே. வாகனத்தை அதன் உண்மையான வயதிலும் இளமையாகக் காட்டும் இலக்கத்தைப் பூட்டவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

பிரித்தானியக் குடியேற்ற நாடாயிருந்த ஹொங்கொங் இந்த விடயத்தில் எஜமானரையே முந்திக்கொண்டது. அங்கே 1973 இலேயே அரசு சிறப்பு இலக்கங்களை ஏலத்தில் விற்கத் தொடங்கியது. அந்த வருமானம் சமூகநலப் பணிகளுக்கான நிதியத்துக்குச் சென்றது. அங்கு விலையை நிர்ணயிப்பது ஒலி. கன்ரனீஸ் மொழியில் எட்டு என்பது செழிப்பை நினைவூட்டும், இரண்டு, இலகுவை, நான்கு, சாவை. எனவே 2008 இல் "18" ஆம் இலக்கம் 1 கோடியே 65 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கும், 2016 இல் "28" ஆம் இலக்கம் 1 கோடியே 81 இலட்சத்துக்கும் போயின. 1994 இல் "9" ஆம் இலக்கம் 1 கோடியே 30 இலட்சத்துக்கு விற்கப்பட்டது. ஒன்பது என்ற சொல் "நீடித்த" என்ற பொருளையும் தரும், நாயையும் குறிக்கும். அது சீன நாட்காட்டியில் நாய் ஆண்டு!

2006 இல் ஹொங்கொங் இன்னொரு படி ஏறியது. விரும்பிய எழுத்துகளையும் எண்களையும் நீங்களே கோர்த்து விண்ணப்பிக்கலாம், அது ஏலத்தில் விடப்படும் என்றது. முதல் ஏலத்தில் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்ற ஆங்கில வாசகத்தை ஒன்றையும் பூச்சியத்தையும் கலந்து எழுதிய தகடு 14 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு விலைபோனது. 2021 மார்ச்சில் "டபிள்யூ" என்ற ஒற்றை எழுத்து 2 கோடியே 60 இலட்சத்தைத் தொட்டது.

ஆக, தகடு என்பது வெறும் அடையாளம் அல்ல. அதை மாட்டியிருப்பவர் யார், அவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்பதை வீதியில் போவோருக்கெல்லாம் அறிவிக்கும் பலகை அது. இந்த உண்மையை அரசுகள் நன்கு அறிந்திருக்கின்றன. அறிந்திருப்பதால்தான் விற்கின்றன.

இனி இலங்கைக்கு வருவோம்.

பிரித்தானியர் காலத்தில் எமது வாகனங்களிலும் ஆங்கில எழுத்துகளே இருந்தன. நாட்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த "சி வை", "ஈ எல்", "ஈ வை" போன்ற எழுத்துச் சோடிகள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவற்றைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதிய வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தகடுகளில் தமிழில் "ஸ்ரீ" எழுதப்பட்டது.

1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது பதற்றம் தணிந்தது. ஆனால் 1958 மார்ச்சில், புதிதாகத் தேசியமயமாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள ஸ்ரீயுடன் வடக்கே அனுப்பப்பட்டன. அந்த எழுத்தின் மேல் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் பெயர்ப்பலகைகளிலிருந்த தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9 இல் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாத இறுதியில் மூண்ட இனக்கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

கலவரத்துக்கு அந்த ஒற்றை எழுத்து மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காரணங்கள் ஆழமானவை. ஆனால், "ஓர் எழுத்துக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று அன்று கேட்டவர்களும் இன்று கேட்பவர்களும் மேலே சொன்ன ஏலக் கணக்குகளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். தான் விரும்பும் எழுத்தைத் தன் வாகனத்தில் மாட்ட ஒருவன் கோடிகளைக் கொட்டுவது உலகுக்கு விளங்குகிறது. தன் மொழியல்லாத ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு தன் ஊர் வீதியில் போக ஒருவன் மறுத்தது மட்டும் ஏன் விளங்காமல் போயிற்று?

காலப்போக்கில் புதிய தகடுகளிலிருந்து ஸ்ரீ மறைந்தது. முதலில் வெறும் எண்கள் வந்தன. 2000 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துகள் மீண்டும் வந்தன. சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவாயிருந்த பழைய இடத்துக்கே தகடு திரும்பிச் சேர்ந்தது. இடையில் போன உயிர்களுக்கு எந்த ஏலத்திலும் விலை குறிக்க முடியாது.