மான் நிற்க இடம் கொடுத்தவர்: டைரஸ் வாங்கும் ‘பேம்பி’யின் காடும்

ஒரு மானுக்கு உருவம் கொடுத்தவர் யார், அதை நடக்கவைத்தவர் யார் என்ற கேள்விகளோடு அனிமேஷன் வரலாறு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்த மான் நிற்கும் வெளியைத் தீர்மானித்தவரைப் பின்னணி ஓவியர் என்று ஒதுக்கிவிடுகிறோம். 1942இல் வெளியான ‘பேம்பி’யை வைத்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை பொருந்தாது. அப்படத்தின் கதாபாத்திர வடிவமைப்பில் பாதி, காட்டை வரைந்தவரின் கையில் இருந்தது என்பதே என் வாதம்.

ஃபெலிக்ஸ் சால்டனின் 1923ஆம் ஆண்டு நாவலைப் படமாக்கியபோது, மான் மானாகவே தெரிய வேண்டும் என்பதில் வால்ட் டிஸ்னி உறுதியாக இருந்தார். மெய்ன் மாநிலத்திலிருந்து இரண்டு மான்குட்டிகள் ஸ்டூடியோவுக்கு வந்தன. ஓவியர் ரிக்கோ லெப்ரன் விலங்குகளின் எலும்பையும் தசையையும் பற்றி வகுப்பெடுத்தார். அனிமேட்டர்கள் மார்க் டேவிஸ், மில்ட் கால் போன்றோரிடம் மான் உருப்பெற்றது. காடுதான் சரிவரவில்லை. இலைக்கு இலை, கிளைக்குக் கிளை நுணுக்கமாகத் தீட்டிய ஆரம்பப் பின்னணிகளில் மான் கண்ணுக்கே அகப்படவில்லை. மெலிந்த கால்களும் புள்ளி போட்ட முதுகும் இலைக்கூட்டத்தில் கரைந்துபோகும். இயற்கையில் குட்டியைக் காப்பாற்றுவதே அதுதான். எவ்வளவு அசலாக மானை வரைந்தார்களோ, அவ்வளவுக்கு அது திரையில் மறைந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர், அப்போது ஸ்டூடியோவின் அடிமட்டத்தில் இருந்த டைரஸ் வாங். 1910இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில், 1920இல், தாயையும் சகோதரியையும் விட்டுவிட்டுத் தந்தையோடு அமெரிக்கா வந்தார். அவர்களை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. சீனர்களின் வருகையைத் தடுக்கும் சட்டம் நடப்பில் இருந்ததால் வேறொரு பெயரில்தான் நுழைய முடிந்தது. ஏஞ்சல் தீவின் தடுப்பு முகாமில் ஏறத்தாழ ஒரு மாதம் தனியே அடைபட்டிருந்தார். மையும் தாளும் வாங்க வசதியில்லாததால், தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துப் பழைய செய்தித்தாளில் எழுதிப் பழகும்படி தந்தை கற்றுக்கொடுத்தார். உலர்ந்ததும் எழுத்து மறைந்துவிடும் அந்தப் பயிற்சியில் திருத்த வழியில்லை; ஒவ்வொரு வீச்சும் முதல் முறையே சரியாக விழ வேண்டும். பின்னர் ஓட்டிஸ் கலைக் கல்லூரியில் மேலை ஓவியம் பயின்றார். ஓய்வு நேரங்களில் சொங் காலச் சீன நிலக்காட்சி ஓவியங்களைத் தேடிப் பார்த்தார்.

1938இல் டிஸ்னியில் அவருக்குக் கிடைத்தது, முக்கியமான இரண்டு அசைவுகளுக்கு நடுவே வரும் இடைச்சித்திரங்களை நாள் முழுதும் வரையும் சலிப்பூட்டும் வேலை. ‘பேம்பி’ தயாராவதை அறிந்து நாவலைப் படித்து, நீர்வண்ணத்திலும் பேஸ்டலிலும் தாமாகவே சில சிறு ஓவியங்களைத் தீட்டிக் கலை இயக்குநர் டாம் காட்ரிக்கிடம் காட்டினார். அவற்றில் காடு இருந்தது, இலைகள் இல்லை. மூடுபனியில் அமிழும் மரத்தண்டுகள், ஓரங்களில் மங்கிப்போகும் வண்ணம், நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு, அதில் மிகச் சிறியதாக ஒரு மான். சொங் காலத்து ஓவியர்கள் மலைக்கும் மனிதனுக்கும் நடுவே வெறுமையை விட்டுவைத்த முறை இது. டிஸ்னியின் சிக்கலுக்கு விடையும் அதுவே. பின்னணியில் விவரம் குறையக் குறைய மானின் விளிம்பு தெளிந்தது. பயம், தனிமை, வசந்தம் ஆகியவற்றை வண்ணமே சொல்லிவிட்டதால், மானின் முகத்தைக் கேலிச்சித்திரமாக மிகைப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இயல்பான உடலமைப்பு கொண்ட அந்த மான் திரையில் எடுபட்டதற்கு இதையே தலையாய காரணமாகக் கருதுகிறேன்.

அவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தீட்டிய மாதிரி ஓவியங்களே படம் முழுவதற்கும் வழிகாட்டின. 1941இல் ஸ்டூடியோவில் வேலைநிறுத்தம் வெடித்தது. வாங் அதில் சேரவில்லை. ஆனாலும் அதையொட்டி வேலையை இழந்தார். படம் வந்தபோது பெயர்ப்பட்டியலில் பின்னணி ஓவியர்கள் பலருள் ஒருவராக மட்டுமே இருந்தார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ‘பினோக்கியோ’வின் கிராமத்துக்கு உருக்கொடுத்த ஸ்வீடன் நாட்டு ஓவியர் குஸ்டாஃப் டெங்ரனின் பெயர் அப்படத்தில் இடம்பெறவே இல்லை. மாதிரி ஓவியம் திரையில் நேரடியாக வருவதில்லை; பிறர் கை அதை மறுபடி வரைகிறது. அதனால் தொழிற்கூட முறையில் அதற்கு உரிமையாளர் இல்லாமல் போகிறார். மிலிசென்ட் பாட்ரிக்கின் கதை இதைவிடக் கொடியது. 1954ஆம் ஆண்டின் ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ படத்து நீர்வாழ் உருவத்தை வடிவமைத்தவர் அவர். அவருக்குக் கிடைத்த கவனத்தைப் பொறுக்காத ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோர் அவரை ஓரங்கட்டினார். பல பத்தாண்டுகள் பெருமை அந்தத் தலைவருக்கே போனது. பாட்ரிக்கின் பெயர் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. வாங்கின் பெயரை, எவருடைய தீய எண்ணமும் தேவைப்படாமல், வேலைப் பிரிவினையே விழுங்கியது.

வாங் அதன்பின் வார்னர் பிரதர்ஸில் 1968 வரை காட்சி ஓவியராக இருந்தார். 2001இல்தான் டிஸ்னி நிறுவனம் தன் சாதனையாளர் வரிசையில் அவரைச் சேர்த்தது. 2016இல், 106 வயதில் காலமானார்.

ஆய்வில் இன்னும் விடுபட்டுள்ள ஓர் இழை உண்டு. ஜப்பானிய காமிக்ஸின் முன்னோடி ஒசாமு தெசூகா ‘பேம்பி’யைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர், அதைக் காமிக்ஸாகவும் வரைந்தார். இதை மேற்கிலிருந்து கிழக்குக்குப் போன டிஸ்னியின் செல்வாக்காகவே எழுதிவருகிறார்கள். தெசூகா கண்ட அந்தக் காட்டில் குவாங்டோங்கிலிருந்து வந்த ஒருவரின் தூரிகையும், பல நூற்றாண்டு பழமையான சொங் ஓவிய மரபும் இருந்தன என்பதைச் சேர்த்துக்கொண்டால், அந்தச் செல்வாக்கின் திசையை மறுபடி வரைய வேண்டியிருக்கும்.