காற்கூறு

பல ஆண்டுகளாக இளங்கலைத் தமிழ் மாணவிகளுக்கு நன்னூல் நடத்துகிறேன். பொதுப்பாயிரத்துக்கென்று என்னிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. அதைப் பார்த்துச் சொல்வேன், அறுபது பேரும் எழுதுவார்கள். ஒருநாள், கற்பவனுக்குப் புலமை எப்படி நிரம்புகிறது என்ற பகுதி வந்தது. ஆசிரியர் சொன்னதைச் செம்மையாகக் கேட்டாலும் கிடைப்பது காற்கூறுதான். உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை நிரம்பும். மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள்: “அப்போ மிச்ச முக்காலுக்கு நம்ம டைம்டேபிள்ல எந்த அவர்மா?”

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பெண்கவிதையில் ஆய்வு செய்தவள் நான். கருத்தரங்குகளில் பெண்குரல் பற்றிப் பேசுகிறேன். என் வகுப்பில் ஒலிப்பதோ என் குரல் மட்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலைச் செய்தார். அதன் பாயிரத்தைத் தமிழின் பழைய கல்விக் கோட்பாடு என்றே சொல்லலாம். நல்லாசிரியன் எவன், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று அது வகுத்துச் சொல்கிறது. மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலைவரிசையில் வைக்கிறது. மண்ணும் கிளியும் இடைவரிசை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைவரிசை. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு நன்னூல் இரண்டாம் இடம்தான் தருகிறது. நம் தேர்வுத்தாளில் கிளிக்குத்தான் முதல் வகுப்பு.

அதே பாயிரம் இன்னொன்றும் சொல்கிறது. குளிர்காய்பவன் நெருப்பிடம் இருப்பதுபோல, அணுகாமலும் அகலாமலும் ஆசிரியனிடம் இருக்க வேண்டுமாம். ஆசிரியன், மாணாக்கன் என்று எல்லாம் ஆண்பாலில்தான் நடக்கிறது. ஆக, அச்சமும் உரையாடலும் ஒரே நூலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம் வகுப்பறைகள் நெருப்பை எடுத்துக்கொண்டு, முக்கால் பங்கைத் தேர்வுக்குரிய மனப்பாடப் பகுதியாக்கிவிட்டன. கோட்பாடு எதுவானாலும், அதில் தனக்கு வசதியானதைத்தான் ஆசிரியர் நடைமுறைக்குக் கொண்டுபோகிறார். நானும் அதைத்தான் செய்தேன்.

விடுதலைக் கல்வி பேசியவர்களுக்கும் இந்த இடைவெளி இருந்திருக்கிறது. பிரேசிலின் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தரும் திட்டத்தை நடத்தினார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சிறை, பிறகு நாடுகடந்த வாழ்வு. மாணவரை வெற்றுக் கணக்காகக் கருதி அறிவை ‘டெபாசிட்’ செய்யும் கல்வியைச் சாடிய அவருடைய நூல் 1970இல் ஆங்கிலத்தில் வந்தது. படித்த பெண்கள் கடிதம் எழுதினார்கள்: விடுதலை பற்றிய இந்த நூலில் ஆண்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்? ஆண் என்றால் பெண்ணும் அடக்கம்தானே என்றே அவருக்கு முதலில் தோன்றியது. பிறகு தவறு புரிந்து மொழியை மாற்றிக்கொண்டார். 1992இல் வந்த நூலில் அதை அவரே எழுதுகிறார்.

அவரை ஆசானாகவே கொண்டாடியவர் பெல் ஹூக்ஸ். அதனால் அவருடைய ஆண்மொழியை விமர்சிக்காமல் விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் 1952இல் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண், கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில் முதலில் படித்தார். அங்கே பெரும்பாலும் கறுப்பினப் பெண்களே ஆசிரியைகள். பிள்ளைகளின் குடும்பங்களையும் அறிந்தவர்கள். கற்பது அங்கே இனவெறிக்கு எதிரான வேலையாக இருந்தது. பிறகு வெள்ளையரோடு சேர்ந்து படிக்கும் பள்ளிக்குப் போனபோது, எதிர்பார்க்கப்பட்டது கீழ்ப்படிதல் மட்டுமே. பல்கலைக்கழக ஆசிரியரானதும் தன் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுதவைத்து, எழுதியதை உரக்கப் படிக்கவைத்தார். மாணவர் தம் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுவிட்டு, தன் கதையைச் சொல்லாத ஆசிரியர் அதிகாரம்தான் செலுத்துகிறார் என்று 1994இல் வெளிவந்த நூலில் எழுதினார்.

அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். எழுதிப் படிக்கச் சொல்லும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்தோம். “உங்கள் வீட்டில் யார் சொல்வார், யார் கேட்பார்” என்று ஒரு பத்தி எழுதி வரச் சொன்னேன். பலர் படித்தார்கள், சிலர் அழுதார்கள். என் பாடம் வென்றது என்று நினைத்தேன். கேள்வி கேட்டவள் படிக்கவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை. தனியாகக் கேட்டேன். “நாங்க எல்லாம் சொல்றோம். நீங்க கேட்டுட்டு இன்டர்னல் மார்க் போடுறீங்கம்மா.”

அடுத்த வெள்ளிக்கிழமை என் பத்தியைப் படித்தேன். முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து எனக்குப் பிடித்த ஓர் இயலை நெறியாளர் நீக்கச் சொன்னதும், காரணம் கேட்காமல் “சரிங்க ஐயா” என்று நீக்கியதும் அதில் இருந்தன. படிக்கும்போது குரல் நடுங்கியது. நெருப்பின் பக்கத்தில் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். வராந்தாப் பத்திகளுக்கு மதிப்பெண் இல்லை என்றும் அன்று சொன்னேன்.

பாடத்திட்டம் மாறவில்லை. ஐந்து அலகுகளையும் முடித்தாக வேண்டும். என்னால் முடிந்தது, குறிப்பேட்டை நகலெடுத்துக்கொள்ளக் கொடுத்ததுதான். எழுதவைக்கும் நேரம் மிச்சமாயிற்று. அந்தப் பெண் திரும்பி வந்தாள். தன் கதையை இன்றுவரை படிக்கவில்லை, நான் கேட்பதும் இல்லை. ஆனால் பன்னாடை வந்த அன்று அவள்தான் பாடம் சொன்னாள். நான் அதை உரையில் படித்தவள். அவள், தாத்தா அதில் பதநீர் வடிகட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். நல்லதைக் கீழே ஒழுகவிட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று கையால் காட்டினாள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.