தாமரையும் நாழியும்: பெருக்கல் பயின்ற இரு மரபுகள்

கூட்டலையும் கழித்தலையும் கற்பியாமல் பெருக்கலிலேயே தொடங்கும் கணிதநூல் ஒன்று உண்டு. கி.பி. 850ஆம் ஆண்டளவில் மகாவீராசாரியர் என்னும் சமணக் கணிதப் பேரறிஞர் வடமொழியில் இயற்றிய 'கணிதசாரசங்கிரகம்' அது. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆட்சியைப் புகழ்ந்து தொடங்கும் இந்நூல், கணிதச் செயல்கள் எட்டு என வகுக்கிறது. பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம், கனம், கனமூலம் ஆகிய ஆறும் முதலில் வருகின்றன; எஞ்சிய இரண்டும் எண் தொடர்களைத் தொகுப்பதும் அவற்றிலிருந்து கழிப்பதும் பற்றியவை. இரண்டும் மூன்றும் ஐந்து என்பதை மாணாக்கன் வீட்டிலேயே அறிந்து வருவான் என்று ஆசாரியர் கருதினார் போலும்.

பெருக்கலுக்கு அவர் தரும் பயிற்சிக் கணக்குகள் ஜினாலயத்தின் வாயிலிலேயே தொடங்குகின்றன. ஒவ்வொரு ஜினாலயத்திற்கும் எட்டுத் தாமரை மலர் வீதம் சாத்தினால் 144 ஆலயங்களுக்கு எத்தனை மலர் வேண்டும் என்பது முதற்கணக்கு. ஓர் ஆலயத்திற்கு ஒன்பது பதுமராகமணி எனில் 288 ஆலயங்களுக்கு எத்தனை என்பது அடுத்தது. பின்னர் ஓர் ஆலயத்திற்கு 139 புட்பராகமணி வீதம் 109 ஆலயங்களுக்குக் கணக்கிடச் சொல்கிறார். இதன் விடை 15,151. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒரே எண்.

இவ்வாறு அழகுற அமையும் விடைகளை ஆசாரியர் கழுத்தணி என்றே குறிப்பிடுகிறார். 1,52,207ஐ 73ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 14,28,57,143ஐ ஏழால் பெருக்கினால் இரு முனைகளிலும் ஒன்றும் நடுவில் எட்டுச் சுழியங்களும் வரும். 2,79,94,681ஐ 441ஆல் பெருக்கினால் ஒன்று முதல் ஆறு வரை ஏறி, மீண்டும் ஒன்று வரை இறங்கும் இலக்கங்கள் கிடைக்கும். மாணாக்கனுக்கு இவை பெருக்கல் கணக்குகள். கணக்கை அமைத்த ஆசிரியருக்கோ இவை காரணிக் கணக்குகள். எட்டு ஒன்றுகளால் ஆன எண்ணை 73 மீதியின்றி வகுக்கும் என்று முன்னமே கண்டவர்தாம் அக்கணக்கை அமைக்க இயலும். மாலையை முதலில் அவிழ்த்து மணிகளை எண்ணியவரே அதனை மீண்டும் கோக்கத் தந்திருக்கிறார்.

நூலின் விதிகளும் இதனையே காட்டுகின்றன. பெருக்கப்படும் எண்ணையும் பெருக்கும் எண்ணையும் கதவின் கீல்போல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்த பின் மூன்று வழிகளைச் சொல்கிறார்: முன்னதன் காரணி ஒன்றால் அதனை வகுத்துப் பின்னதைப் பெருக்கிக்கொள்ளலாம், பின்னதன் காரணியால் அதனை வகுத்து முன்னதைப் பெருக்கிக்கொள்ளலாம், அன்றி இரண்டையும் உள்ளவாறே வைத்துப் பெருக்கலாம். வகுத்தலிலும் முதலில் இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணியை நீக்கிவிடச் சொல்கிறார். பின்னங்களைக் கூட்டுவதற்காகப் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் காணும் விதியும் இந்நூலில் உண்டு. அதற்கு 'நிருத்தம்' என்று பெயரிட்டிருக்கிறார். இன்று ஐந்தாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் குழந்தைகளைத் திணறடிக்கும் பகுதிக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமண ஆசாரியர் வழி சொல்லிவிட்டார்.

11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். சைவராகிய அவர் எடுத்துக்காட்டுகளைத் தம் சமயத்திற்கேற்ப மாற்றிக்கொண்டார். எட்டை 144ஆல் பெருக்கினால் வரும் விடை அதனால் மாறிவிடவில்லை.

மூலநூல் அச்சேறியது சென்னையில். மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் இருந்த மு. ரங்காசாரியரிடம், இந்தியக் கணித வரலாற்றுக்குப் புதிய ஒளி தரும் சுவடி ஏதேனும் நூலகத்தில் உண்டா என்று கல்வித்துறை இயக்குநர் ஸ்டூவர்ட் வினவினார். தேடலில் கிடைத்தது மகாவீராசாரியரின் நூல். வேறிடங்களிலிருந்தும் படிகள் திரட்டப்பட்டன. மூடபித்ரியிலிருந்து வந்தது அவற்றுள் ஒன்று. ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் அரசாங்க அச்சகம் அதனை வெளியிட்டது. சாத்திரதானம் என்று சொல்லி ஏட்டைப் படியெடுத்து மடங்களுக்கு அளித்த பெயரறியாச் சிராவகர்கள் இல்லையேல் ரங்காசாரியருக்குப் பதிப்பிக்க ஒன்றும் இருந்திராது.

அந்நூல் அச்சான சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் உள்ளது ஊரப்பாக்கம். இன்று அதனருகே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் எழுந்திருக்கிறது. முன்னர் அந்தப் பகுதி ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த செங்கற்பட்டுச் சீமை. வடமொழிக் கணிதநூலின் பெயரையே கேட்டிராத அச்சீமையின் திண்ணைப் பள்ளிகளிலும் பெருக்கல், வகுத்தல், காரணி ஆகிய மூன்றும் நாள்தோறும் பயிலப்பட்டன. ஆலயத் தாமரைக்குப் பதிலாக அங்கே நெல் இருந்தது.

திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வி பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகளால் அமைந்தது. பொன்னிலக்கத்தில் முந்திரி முதல் ஒன்று வரையிலான பின்னங்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. நெல்லிலக்கத்தில் முகத்தலளவை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி கொண்டது குறுணி. மரக்கால் என்பதும் அதுவே. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலத்துக்குக் குறுணி 12, நாழி 96.

மகாவீராசாரியரின் முதற்கணக்கை ஊரப்பாக்கம் போன்ற சிற்றூர் ஒன்றின் திண்ணையில் கேட்டிருந்தால் என்ன நிகழும்? 144 ஆலயங்களை 144 குறுணி என்றும், ஆலயத்துக்கு எட்டுத் தாமரை என்பதைக் குறுணிக்கு எட்டு நாழி என்றும் மாற்றிப் பார்த்தால் போதும். பன்னிரண்டு குறுணி ஒரு கலமாதலால் 144 குறுணி 12 கலம். கலத்துக்கு 96 நாழியாக விடை 1,152. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கி, வந்ததை மீண்டும் பன்னிரண்டால் பெருக்கும் வழி இது. 144ஐக் காரணிகளாகப் பிரித்துப் பெருக்குக என்ற நூல்விதியும் இதுவே. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று பெருமைக்காகச் சொல்லிவிடலாகாது. பெரிய எண்ணைச் சிறு எண்களாகப் பிரித்து ஆளும் பழக்கம் ஏட்டறிவிலும் களத்துமேட்டிலும் தனித்தனியே முதிர்ந்தது என்பதே நமக்குப் போதும்.

களத்துமேடு என்பது வெறும் உவமையன்று. செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த சில ஆண்டுகளில், 1767 முதல் 1774 வரை, தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து விவரம் திரட்டினார். அவ்விவரத்திற்கு அடிப்படையாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைக்கணக்குகள். கோயில், ஏரி, காவல், கணக்கு, கொல்லு, தச்சு, வண்ணார் எனப் பல தொழிலுக்கும் அறத்துக்கும் நெற்குவியலிலிருந்து பங்கு பிரிந்தது. மேரை, சுதந்திரம் என்பன அப்பங்குகளின் பெயர்கள். கலத்துக்கு இரண்டு நாழி ஒருவர் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 100 கலம் விளைந்தால் 200 நாழி. எட்டால் வகுக்க 25 குறுணி. பன்னிரண்டால் வகுக்க ஈவு இரண்டு, மீதி ஒன்று. அவருக்கு உரியது இரண்டு கலம் ஒரு குறுணி. இதனை மனத்திலேயே வகுக்கத் தெரிந்தவர் அளப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தெரியாதவர் அளந்ததைப் பெற்றுக்கொண்டு போவார். மீதியாக நின்ற அந்த ஒரு குறுணி யாருக்குச் சேர்ந்தது என்பது கணக்கறிவைப் பொறுத்தது.

இவ்விடத்தில் 'ஈவு' என்ற சொல்லைச் சற்று நோக்கலாம். வகுத்து வரும் எண்ணைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் ஈவு என்றே சொல்கின்றன. ஈதல் என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. கொடை என்பதும் அதன் பொருளே. காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' வகுத்தலை ஈதலாகவே பேசுகிறது. பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளையை அறியும் அந்நூலின் கணக்கு பலரும் அறிந்தது: காம்பைச் சுற்றிய சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்துக்கு ஈந்தால் சுளையின் எண்ணிக்கை வரும் என்கிறது. முள் 100 எனில் சுளை 120. பழம் அவ்விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு. சிறுவனுக்கு ஆறின் பெருக்கலும் ஐந்தின் வகுத்தலும் நினைவில் நிற்கும் என்பதில் ஐயமில்லை.

கலத்தைத் தூணியாக்க மூன்றால் வகுத்தல் ஒருமுறை போதும். அதன்பின் தூணியிலிருந்து ஆழாக்கு வரை வருவனவெல்லாம் பாதியாக்கல்களே. குறுணிக்கும் நாழிக்கும் இடையில் மட்டும் மூன்று பாதியாக்கல்கள் உள்ளன. ஒரு தூணி 256 ஆழாக்கு. எட்டு முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற இதே கேள்விக்கு, ஷட்கண்டாகமத்தின் உரையாகிய 'தவளா'வில் வீரசேனாசாரியர் 'அர்த்தச்சேதம்' என்று பெயரிட்டார். மூன்றால் வகுத்துச் செல்வதற்கும் தனிப்பெயர் தந்தார். அமோகவர்ஷனுக்கு ஆசானாகிய ஜினசேனர், இவ்வீரசேனரின் மாணாக்கர். உலகின் அளவையும் உயிர்களின் தொகையையும் சொல்லப் புகுந்த ஆகம உரைகாரருக்கு வேண்டியிருந்த அதே கருவி, ஆழாக்கு அரிசி அளந்த வீட்டிலும் பெயரின்றிப் புழங்கியது.

திண்ணையில் இதெல்லாம் எவ்வாறு பயிலப்பட்டது? மணலில் விரலால் எழுதியும், வாய்விட்டுச் சொல்லியும். சட்டாம்பிள்ளை ஒருவன் வாய்பாட்டை முன்மொழிய மற்றவர் ஒரே குரலில் பின்மொழிவர். முன்னதாகக் கற்றவன் பின்னவனுக்குக் கற்பிக்கும் இம்முறையையும் மணல் எழுத்தையும் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், தம் பொறுப்பில் 1789 முதல் இருந்த எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதனைக் கைக்கொண்டார். 1797இல் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பிரம்படியும் கூடவே இருந்தது. திண்ணைப் பள்ளியைப் புகழ்வோர் அதனை மறைத்தல் ஆகாது.

அதனினும் பெரிய குறை ஒன்று எண்களிலேயே தெரிகிறது. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 சூனில் உள்நாட்டுப் பள்ளிகளின் விவரம் கேட்டு ஆட்சியர்களுக்கு எழுதச் செய்தார். செங்கற்பட்டு ஆட்சியரும் மறுமொழி அனுப்பினார். 1826இல் மன்றோ தொகுத்தபோது மாகாணம் முழுதும் பள்ளிகள் 12,498, பயின்றோர் 1,88,650. வகுத்துப் பார்த்தால் பள்ளி ஒன்றுக்குப் பதினைந்து பேர். பயின்றோருள் பெண்குழந்தைகள் 4,540 பேர்தாம். நாற்பது பேரில் ஒருத்தி என்னும் அளவு. வீட்டில் நாழியும் உழக்கும் அளந்தவர்கள் பெண்கள். எண்சுவடியை மட்டும் ஆண்பிள்ளைகள் கையில் கொடுத்திருந்தது அக்காலம்.

1957 ஏப்ரல் முதல் நாளன்று ரூபாய் 100 புதிய காசாயிற்று. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பையாக 192 பை. அடுத்த சில ஆண்டுகளில் கிலோகிராமும் லிட்டரும் வந்தன. அரைக்கால் வாய்பாடும் மாகாணி வாய்பாடும் பள்ளியிலிருந்து விடைபெற்றன. ஊருக்கு ஊர் வேறுபட்ட மரக்காலால் ஏமாந்த உழவருக்கும், காசு எண்ணத் தடுமாறிய முதியவர்க்கும் இம்மாற்றம் நன்மையே செய்தது. ஆனால் கணக்குப் பயிற்சியின் நோக்கில் ஓர் இழப்பும் நேர்ந்தது. 96ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் பன்னிரண்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 96. நூறுக்கு ஒன்பதுதான்; அவற்றுள் மூன்றும் இல்லை, ஆறும் இல்லை, எட்டும் இல்லை. ஒரு கலம் நெல்லை மூன்று உடன்பிறந்தார் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு தூணி. நூறு கிலோவைப் பங்கிட்டால் 33 கிலோவுக்கு மேல் மீதி நிற்கும். பழைய அளவைகளில் காரணிகள் பாத்திரங்களாக வீட்டு மூலையிலேயே நின்றன. குழந்தை அவற்றைத் தொட்டு அறிந்தது. இன்று அதே காரணிகள் கரும்பலகையில் எண்களாக மட்டும் நிற்கின்றன.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து சென்னையின் புறநகர்களுக்குக் குடிவந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. பரணில் மரக்கால் ஒன்று இன்னும் சில வீடுகளில் இருக்கும். அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பொருள்களைக் கையிலெடுத்துக் குழுவாக்கி எண்ணும் பயிற்சிக்கு இடம் தரப்பட்டுள்ளது. வாய்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதோடு நில்லாமல் 24 தீர்த்தங்கரர் திருவுருவப் படங்களை எத்தனை வகையில் சம வரிசைகளாக அடுக்கலாம் என்று ஒரு குழந்தையைக் கேட்டால் அது 24இன் எட்டுக் காரணிகளையும் தானே கண்டுவிடும். பன்னிரண்டு சக்கரவர்த்திகளையும் ஒன்பதின்மராக வரும் மூன்று வரிசைகளையும் சேர்த்து 63 சலாகா புருடர்கள் என்று சொல்லிக்கொடுத்தால், ஏழொன்பது அறுபத்துமூன்று என்ற வாய்பாடு மறவாது.

1912ஆம் ஆண்டுப் பதிப்பின் இறுதியில் கணக்குகளுக்கு விடைகள் தனியே தரப்பட்டுள்ளன. மகாவீராசாரியரின் இரண்டாம் கணக்காகிய பதுமராகமணிக் கணக்குக்கு அதனைப் பார்க்க வேண்டியதில்லை. 288 என்பது மூன்று கலத்தின் நாழி. ஒன்பது மடங்கு எனில் 27 கலம். நூறு கலத்தின் நாழி 9,600. முப்பது கலத்தின் நாழி 2,880. அதில் மூன்று கலத்தின் 288ஐக் கழித்தால் 2,592 மணிகள்.