ஓடும் செய்தியும் ஒற்றும் செவியும்

அம்பாங் என்னும் ஊர்ப்பெயர், அணை என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் அடியாகப் பிறந்தது என்பர். 1857-ஆம் ஆண்டில் இராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே மேலேறி, இப்பகுதியின் அடர்காட்டில் ஈயம் தேடினர். ஒரு திங்களுக்குள் அவர்களில் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். அவர்களைத் தொடர்ந்து வந்தோரின் உழைப்பிலிருந்தே கோலாலம்பூர் என்னும் மாநகர் முளைத்தது. ஈயத் தொழிலுக்கு ஓடும் நீர் இன்றியமையாதது. நீரைத் தேக்கினர், திருப்பினர், அதில் மண்ணைக் கழுவி ஈயமணலைப் பிரித்தெடுத்தனர்.

அதே அம்பாங்கில் இன்று வேறோர் ஓட்டம் இரவும் பகலும் நடைபெறுகின்றது. வீட்டுக்கு வீடு வந்து சேரும் கண்ணாடி இழைகளில் மடலும் பாடமும் வணிகமும் உறவினர் உரையாடலும் ஒளித்துடிப்புகளாக ஓடுகின்றன. இவ்வோட்டத்தைக் கரையில் நின்று காண்பது எங்ஙனம்? காணும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களுக்கும் ஒரு நீண்ட வரலாறு இருக்கின்றது. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறர் செய்தியை அறிய முயல்வது புதிய தொழிலன்று. திருக்குறளின் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்த பின்னரே ஏற்கவேண்டும் என்பது அதில் வள்ளுவர் கூறும் நெறிகளுள் ஒன்று. கேட்டதை அப்படியே நம்பலாகாது என்னும் இவ்வறிவுரை இக்காலக் கணினிப் பொறியியலார்க்கும் பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

செய்தி மனிதன் காலோடு நடந்த காலத்தில், அதனை அறியத் தூதனை மறித்தல் வேண்டும். செய்தி கம்பியில் ஏறியபோது நிலைமை மாறிற்று. மலாயாவின் முதல் தந்திக் கம்பி 1876-இல் கோலகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே இழுக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 1870-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1871-ஆம் ஆண்டின் தொடக்கத்திலுமாக, சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடிக் கம்பி இடப்பட்டது. தமிழகக் கரைக்கும் மலாயக் கரைக்கும் இடையே கப்பல் பல நாள் கடந்த தொலைவைச் செய்தி சில நிமிடங்களில் கடக்கலாயிற்று.

கம்பியைக் கையில் வைத்திருப்பவனே செய்தியையும் கையில் வைத்திருக்கிறான் என்பதை முதல் உலகப்போர் உலகுக்கு உணர்த்தியது. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையையும் அக்டோபர் 28-இல் பினாங்கையும் தாக்கிய செருமானியப் போர்க்கப்பல் எம்டனை நாம் அறிவோம். அதன் பெயர் தமிழில் அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அவ்வெம்டன் நவம்பர் 9-இல் கடைசியாகச் சென்ற இடம் கொக்கோஸ் தீவுகள். அங்கிருந்த தந்தி நிலையத்தையும் கம்பிகளையும் அழிப்பதே அதன் நோக்கம். ஆனால் நிலையத்தார் முன்னதாகவே எச்சரிக்கைச் செய்தி அனுப்பிவிட்டனர். விரைந்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனின் ஓட்டத்தை முடித்து வைத்தது.

பிரிட்டிஷார் செய்ததோ இதனினும் நுட்பமானது. போர் தொடங்கிய மறுநாளே செருமனியின் கடலடிக் கம்பிகளை வெட்டத் தொடங்கினர். தன் கம்பி அறுந்தவன் பிறன் கம்பியை நாடவேண்டும். 1917 சனவரியில் செருமானிய வெளியுறவு அமைச்சர் சிம்மர்மான் அமெரிக்க நாட்டுத் தூதரகக் கம்பியை நம்பி ஒரு மறைமொழித் தந்தியை அனுப்பினார். அக்கம்பி இலண்டன் வழியாகச் சென்றது. பிரிட்டிஷ் கடற்படையின் மறைமொழிப் பிரிவினர் அதனைப் படித்தனர். அமெரிக்கா போரில் இறங்க அது ஒரு காரணமாயிற்று. செய்தி எவ்வழியே செல்கிறது என்பதை முடிவு செய்பவனே அதனை எங்கே கேட்கலாம் என்பதையும் முடிவு செய்கிறான். இவ்வுண்மை இன்றைய இணையத்துக்கும் பொருந்தும்.

வானொலி வந்தபின் கம்பியைத் தொடவேண்டிய தேவையும் அற்றுப்போயிற்று. 1939-இல் ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாறிய பிரிட்டிஷாரின் தூரகிழக்குக் கூட்டு உளவுச் செயலகம், ஜப்பானியக் கடற்படையின் வானலைச் செய்திகளைக் கேட்டு எழுதும் பணியில் ஈடுபட்டிருந்தது. 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அத்திங்களிலேயே அச்செயலகத்தின் கடற்படைப் பிரிவு கொழும்புக்குச் சென்றது. ஏப்ரலில் கொழும்பு தாக்கப்பட்டபின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிளிண்டினிக்குப் பெயர்ந்தது. கேட்கும் செவி ஊர் ஊராக ஓடிற்று. எனினும் கேட்பதை நிறுத்தவில்லை.

இனி, தொலைபேசியின் கதைக்கு வருவோம். கோலாலம்பூரில் 1891-இல் முதல் தொலைபேசி நிலையம் அமைந்தது. அக்காலத்து நிலையங்களில் இணைப்பாளர் ஒருவர் அமர்ந்து கையால் கம்பிகளை இணைத்துவிடுவார். இணைப்புச் சரியாக உள்ளதா என்றறிய அவர் இடையில் கேட்கவும் முடியும். அந்தச் செவி தொழிலுக்குத் தேவையான செவி. ஆயினும் அதுவே ஊர்ச்செய்தி அறியும் செவியாகவும் மாறக்கூடும். அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்னும் ஈமச்சடங்குத் தொழிலர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பாளர் தம் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என ஐயுற்று, மனிதர் இடையில் இல்லாத தானியங்கி இணைப்புப் பொறியைக் கண்டார் என்று கூறுவர். 1891-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஐயமும் ஒரு கண்டுபிடிப்புக்குத் தாயாகும் போலும்!

கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது இவ்வரலாறு முழுவதும் மீண்டும் ஒருமுறை நடந்தேறியது. 1960-களில் அமெரிக்கரான பால் பாரனும் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்டு டேவிஸும் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்தனர். நீண்ட செய்தியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி எழுதி அனுப்புவது என்பதே அக்கருத்து. டேவிஸ் அத்துண்டுக்குப் 'பாக்கெட்' எனப் பெயரிட்டார். பிறமொழிகளிலும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்கவேண்டுமென மொழியறிஞர் ஒருவரைக் கலந்தே அதனைத் தேர்ந்தார் என்பது தமிழாசிரியர்கள் மகிழத்தக்க செய்தி. நாமும் அதனைப் பொட்டலம் என்றே கூறுவோம்.

1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் தோன்றிய ஈதர்நெட் முறையில், ஒரு கட்டடத்துக் கணினிகள் யாவும் ஒரே கம்பியில் தொங்கின. ஒருவர் அனுப்பிய பொட்டலம் அனைவர் வாசலுக்கும் வரும். முகவரி தனதன்று எனக் கண்ட கணினி அதனைத் தள்ளிவிடும். தள்ளாமல் அனைத்தையும் வாங்கிக்கொள்ளுமாறு ஒரு கணினியைப் பணித்துவிட்டால், அக்கம்பியின் முழு ஓட்டத்தையும் அது கண்டுவிடும். பொட்டலம் அறியும் முதல் வழி இதுவே. பல வீட்டாருக்கு ஒரே தொலைபேசிக் கம்பி இருந்த காலத்தை இது ஒக்கும்.

இம்முறையின் நன்மையையும் கூர்மையையும் காட்ட ஒரே ஆய்வகத்தின் ஒரே ஆண்டு போதும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், 1986 ஆகஸ்டில், கணக்கில் 75 காசு இடித்தது. அதன் காரணத்தைத் தேடிய வானியலாளர் கிளிஃபோர்டு ஸ்டோல், உள்ளே வந்த 50 தொலைபேசி இணைப்புகளிலும் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, வருவோர் தட்டுவதையெல்லாம் தாளில் பதியச் செய்தார். அவை கேட்டனவே ஒழியப் பேசவில்லை. ஆதலின் திருடன் அவற்றை அறியவில்லை. இறுதியில் அவன் செருமனியின் ஹனோவர் நகரிலிருந்து இராணுவச் செய்திகளைத் திருடி, சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவைச் சேர்ந்தவன் என்பது வெளிப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் அவ்வாய்வகத்துக்கும் ஏறத்தாழ 400 கசத் தொலைவிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வலையமைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. வான் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் பொட்டலங்களின் போக்கை நுணுகிப் பார்த்தார். நெரிசலில் இழந்த பொட்டலங்களைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கின என்பதைக் கண்டு, 1988-இல் மருந்தும் எழுதினார். இணையம் இன்றும் மூச்சடைக்காமல் ஓடுவதற்கு அவர் வகுத்த நெறிகள் அடிப்படையாயின. அவரும் உடன்பணியாளரும் 1988-இல் ஆக்கிய 'டிசிபிடம்ப்' என்னும் பொட்டல ஆய்வுக் கருவி இன்றும் புழக்கத்தில் உள்ளது. 1998-இல் 'ஈத்தரீயல்' என்ற பெயரில் வெளிவந்து, 2006-இல் 'வயர்ஷார்க்' எனப் பெயர்மாறிய இலவச மென்பொருளை உலகெங்கும் மாணவர்கள் பயில்கின்றனர்.

1990-இல் வினோத் பரத்வாஜ் என்னும் இந்தியர் நிறுவிய 'கல்பனா' என்ற அமெரிக்க நிறுவனம், பொட்டலத்தை உரியவர் வாசலுக்கு மட்டும் அனுப்பும் ஈதர்நெட் சுவிட்சை வெளியிட்டது. ஸ்ட்ரோஜரின் பொறி இணைப்பாளரை விலக்கியது போல், இது அயலார் செவியை விலக்கியது. அதனால், பழுது பார்ப்போர் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. இரண்டு வழிகள் நிலைபெற்றன. ஒன்று, சுவிட்சிடமே படி எடுத்து மற்றொரு வாசலில் தருமாறு கட்டளையிடுவது. இது எளிது, ஆனால் முழுதும் நம்பத்தக்கதன்று. நொடிக்கு ஒரு கிகாபிட் ஓடும் இணைப்பில் போக்கும் வரவும் சேர்ந்து இரண்டு கிகாபிட் ஆகலாம். படி தரும் வாசலோ ஒன்றையே தாங்கும். எஞ்சிய பொட்டலங்கள் சொல்லாமல் உதிரும். மற்றொன்று, கம்பியின் நடுவே 'டேப்' என்னும் கிளைக்கருவியை அமைப்பது. கண்ணாடி இழையாயின் அது ஒளியையே 70-க்கு 30 என்பது போன்ற பங்கில் பிரித்து, பெரும்பங்கை வழியே விட்டு, சிறுபங்கை ஆய்வுக்குத் தரும். மின்சாரம் நின்றாலும் ஒளியின் ஓட்டம் நிற்பதில்லை. ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தில் கண்டதோடு ஒப்பிட்டே தேர்ந்த பொறியாளர் முடிவு கூறுவர். வள்ளுவரின் நெறி இங்கே வாழ்கின்றது.

இதே ஒளிப்பிரிப்பான் அறம் பிறழ்ந்தும் பயன்பட்டதுண்டு. 2003-இல் சான்பிரான்சிஸ்கோவின் தொலைபேசிக் கட்டடம் ஒன்றில், 641ஏ என்னும் பூட்டிய அறைக்குள் மக்களின் இணைய ஓட்டம் முழுவதும் பிரித்து விடப்பட்டதை, அங்குப் பணிபுரிந்த மார்க் கிளைன் 2006-இல் உலகறியச் செய்தார். 2013-இல் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் அதன் பரப்பைக் காட்டின. அதன்பின் மறையாக்கம் விரைந்து பரவிற்று. இன்று இடையில் நிற்பவர் உறையைக் காணலாம். மடலைப் படித்தல் அரிது. ஆயினும் யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பவற்றை உறையே சொல்லிவிடும்.

மலேசியாவில் மிமோஸ் வழங்கிய 'ஜாரிங்' சேவை 1992-இல் நம்மை இணையத்தோடு பிணைத்தது. ஜாரிங் என்றால் வலை. அச்சேவை இன்றில்லை; வலையோ எங்கும் விரிந்துவிட்டது. 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு பிறர் செய்தியை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. சேவை தரும் நிறுவனத்தின் பணியாளர் தம் பணிக்குத் தேவையான அளவில் பார்க்க இடமளிக்கும் அதே பிரிவு, சேவையின் தரத்தைச் சோதிப்பதற்கன்றி வாளா வேவு பார்ப்பதை விலக்குகிறது. விசாரணைக்காக இடைமறிக்க அரசு வழக்குரைஞரின் அனுமதியை 252-ஆம் பிரிவு வேண்டுகிறது. இந்திய உச்சநீதிமன்றமும் 1996 டிசம்பரில், தொலைபேசி ஒட்டுக்கேட்டல் மனிதனின் தனிமையில் கடுமையாகத் தலையிடுவதெனக் கூறி, அதற்கு எல்லைகள் வகுத்தது.

கருவி ஒன்றே. ஸ்டோலின் அச்சுப்பொறியும் பூட்டிய அறையின் ஒளிப்பிரிப்பானும் செய்தது ஒரே வேலை: ஓடுவதை நிறுத்தாமல் படியெடுத்தல். வேறுபாடு, யார் பொருட்டு, யார் அறிய, எந்த அளவோடு என்பவற்றில் உள்ளது. வகுப்பறையில் கணினி பயிற்றும் ஆசிரியர் பொட்டலம் பிடிக்கும் வித்தையைக் கற்பிக்கும்போது, தன் வலையை மட்டுமே ஆராய்க என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். அணை கட்டியவன் ஆற்றுக்கு உரியவன் ஆகிவிடுவதில்லை. கரையில் நிற்பவன் நீரின் அளவைக் காணலாம். நீராடுவோரை நோக்குதல் அறமன்று.