ஓர் இதழ், இரு படங்கள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வீடுகள்தோறும் குடிலை மந்திரிக்கச் செல்லுகையில், அருகே மின்விளக்குகளோடு ஒளிரும் மரத்தையும் நாம் காண்கிறோம். அம்மரம் நம் இல்லங்களுக்கு வந்த வழியில் ஒரு படத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

1848 டிசம்பரில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் வார இதழ் அதனை வெளியிட்டது. மேசைமீது ஊசியிலை மரம். கிளைதோறும் மெழுகுதிரிகள், இனிப்புகள். விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் தம் சிறு பிள்ளைகளோடு அதனைச் சூழ்ந்து நிற்கின்றனர். 1800-ஆம் ஆண்டிலேயே சார்லட் அரசி விண்ட்சரில் குழந்தைகளுக்கென இத்தகைய மரத்தை அலங்கரித்ததுண்டு. எனினும் அரண்மனை வழக்கத்தை நடுத்தர மக்களின் கூடத்திற்குப் பெருமளவில் கொணர்ந்தது இப்படமே. 1850-இல் அமெரிக்க இதழொன்று அரசியின் அணிமுடியையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கி அதனை மறுபதிப்புச் செய்தது. மீசை செய்த குற்றம் யாதோ! அரச குடும்பம் அண்டை வீட்டுக் குடும்பமாகிவிட்டது.

அதே இலண்டன் இதழ் மறு ஆண்டு, 1849 டிசம்பர் 22 அன்று, வேறொரு குடும்பத்தை வரைந்து காட்டியது. பஞ்சத்தால் நலிந்த அயர்லாந்தின் பிரிஜட் ஓடானல், கந்தலுடுத்த இரு பிள்ளைகளோடு நிற்கிறார். கருவுற்ற நிலையில் காய்ச்சலில் கிடந்தபோதே அவரது குடிசையை இடிக்கத் தொடங்கினர். குழந்தை இறந்தே பிறந்தது. பதின்மூன்று வயது மகன் பசியால் மாண்டான். குருவானவர் வந்து தமக்கு நோயில்பூசுதல் அளித்ததையும், பாதி இடிந்த குடிசையிலிருந்து அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் தம்மைத் தூக்கிச் சென்றதையும் அத்தாய் மறவாமல் சொல்லியிருக்கிறார்.