மாலுமிகளுக்குப் பாடம் சொன்னவர்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில், கார்டிகன் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது லங்கிரானோக். இன்று கோடை விடுமுறைக்குக் கூட்டம் வரும் சிறிய கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ கப்பல் கட்டிய ஊர். ஆண்கள் கடலோடப் போனால் வீடும் நிலமும் பெண்களின் தலையில்.

அங்கே 1839இல் ஒரு கப்பல்தலைவரின் மகளாகப் பிறந்தவர் சாரா ஜேன் ரீஸ். பெற்றோர் அவரைத் தையல் கற்க அனுப்பினார்கள். ஊசியும் நூலும் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் கப்பலில் ஏறிவிட்டார். சுமார் இரண்டாண்டு கடல் வாழ்க்கைக்குப் பின் கப்பல் செலுத்தும் கல்வியையும் முறையாகப் படித்தார். இருபது வயதையொட்டி ஊருக்குத் திரும்பி, பக்கத்துப் பொன்ட்கரெக் பள்ளியில் ஆசிரியரானார். பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும். உள்ளூர் மாலுமிகளுக்குத் திசையறியும் கணிதம். அவரிடம் படித்த ஆண்கள் கப்பல்தலைவர்களானார்கள். ஆசிரியருக்கு அந்தப் பதவி கிடைக்கும் காலம் அதுவல்ல.

1865இல் அபெரிஸ்த்வித் நகரில் நடந்த தேசிய ஐஸ்டெத்வொத் விழாவில், கிரனோக்வென் என்ற புனைபெயருக்குக் கவிதைப் பரிசு கிடைத்தது. தோற்றவர்களில் இஸ்லுவின், கெய்ரியோக் போன்ற புகழ்பெற்ற கவிஞர்களும் உண்டு. வென்றவர் நம் ஆசிரியர். கவிதையின் பொருள், மணமோதிரம். அதை எழுதியவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. தோழி ஜேன் தாமஸ் அவருடைய நெடுங்கால வாழ்க்கைத் துணையாக இருந்தார்.

ஒரு பின்னணியை மறந்துவிடக் கூடாது. சாராவுக்கு எட்டு வயதானபோது, 1847இல், வேல்ஸின் கல்வி நிலை பற்றி அரசாங்க அறிக்கை ஒன்று வந்தது. எழுதியவர்கள் வெல்ஷ் மொழி தெரியாத மூன்று ஆங்கிலேய ஆண்கள். கல்வியை ஆராய வந்தவர்கள் வெல்ஷ் பெண்களின் ஒழுக்கத்தையும் பழித்துவிட்டுப் போனார்கள். ஒரு இனத்தை இழிவுபடுத்த அதன் பெண்களின் உடலைக் கைகாட்டுவது பழைய வழக்கம். அந்தக் கறையைத் துடைக்கும் பாரமும் பெண்கள்மேலேயே விழுந்தது. அதற்குப் பின் வந்த பெண்கள் இதழை நடத்தியவர்கூட ஓர் ஆண்தான்.

கிரனோக்வென் 1879 முதல் ‘அ வ்ரத்தோனெஸ்’ என்ற பெண்கள் இதழுக்கு ஆசிரியரானபோது நிலைமை மாறியது. வெல்ஷ் மொழியில் பெண்கள் இதழுக்கு ஆசிரியரான முதல் பெண் அவர். வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். புதிதாக எழுத வந்த பெண்களுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டார். 1901இல் தென்வேல்ஸ் பெண்களின் மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார். மதுவிலக்கு என்றதும் ஒழுக்கப் பிரசாரம் என்று நாம் ஒதுக்கிவிடலாம். கூலி முழுக்க மதுக்கடையில் கரைந்த வீடுகளிலிருந்த பெண்கள் அப்படி ஒதுக்கவில்லை. மேடையில் பேசவும் கூட்டம் நடத்தவும் கணக்கெழுதவும் அவர்கள் பழகிய இடமாகவும் அந்தச் சங்கம் இருந்தது.

1916இல் அவர் மறைந்தார். ஊர் நடுவே சிலை எழுந்தது 2023இல். இடைப்பட்ட நூறாண்டுக்கு மேல் அவர் பெரும்பாலும் கடலோடிய விசித்திரப் பெண்ணாகவே பேசப்பட்டார். ‘விசித்திரம்’ என்பது பாராட்டுப் போலத் தோன்றும். அந்தச் சொல் அவரைத் தனியாளாக்கிவிடுகிறது. அவர் கைதூக்கிவிட்ட பெண்களை மறைத்துவிடுகிறது. சிலைக்கு முன் நிற்கும்போது நாம் தேட வேண்டியது அந்தப் பெண்களை.